யார்க்கு எது?

காவிரியாறு கல்லணையை அடைந்ததும் ஒரே ஆறாக ஓடுவதை விட்டு, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து தஞ்சை நாட்டிற் புகுகின்றது. அவற்றினின்று கிளையாறுகளும், கிளையாறுகளினின்று வாய்க்கால்களும், வாய்க்கால்களினின்று கன்னிகளும் பிரிந்து சென்று வயல்தோறும் நீர் ஊட்டுகின்றன. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. சூன் திங்கள் 12-ஆம் நாளை எதிர்பார்த்து அவ்வணையின் நீருக்காக உழவர் காத்திருப்பது மரபு. அணையில் நீர் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் எவர்க்கும் கவலையில்லை. நீர் குறைந்த ஆண்டுகளிலோ எல்லா ஆறுகளிலும் ஒருங்கே நீர் விட இயலாது. ஆகவே சில நாள் ஓர் ஆற்றிலும், சில நாள் மற்றோர் ஆற்றிலுமாக மாற்றி மாற்றி விடுவர். இதனையே 'முறை வைத்தல்' என்பர்.

ஆற்றில் நிகழும் இம்முறை வாய்க்காலிலும் நிகழும். முதல் மடையில் நிலமுடையவர் ஒருவர். கடைமடையில் நிலமுடையவர் மற்றொருவர். இன்றிரவு மடை யாருக்குத் திறக்கப்படும், நாளை இரவு யாருக்கு என்னும் வினா எழுந்தவுடன், இரவு முழுதும் கையில் விளக்கும் மண்வெட்டியுமாக வரப்பில் காத்திருப்போர் பலர். 'யார்க்கு எது?' என்னும் இவ்வினாவை நாம் ஒரு புதிராக அமைத்துப் பார்ப்போம். பிறகு அப்புதிர் நம்மை எங்கெங்கு அழைத்துச் செல்கின்றது என்பதையும் காண்போம்.

ஒரு வாய்க்காலின்மேல் நால்வர்க்கு நிலம் உண்டு. கண்ணன், பொன்னன், வேலன், வள்ளி என்று அவர்களுக்குப் பெயரிடுவோம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்னும் நான்கு இரவுகளும் அவர்கட்குரிய முறை. ஒருவர்க்கு ஓர் இரவு. நால்வரும் நான்கு வேறு நெல் விதைத்துள்ளனர். அவை சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கருடன் சம்பா என்பன. (1922-ஆம் ஆண்டு ஆடுதுறையில் நெல்லாராய்ச்சி நிலையம் தோன்றிய பின்னர் எத்தனையோ புதிய நெல்வகைகள் வந்துவிட்டன, எனினும் பழைய பெயர்களின் இனிமையை விட மனம் வரவில்லை.) எவர் எந்த இரவில் நீர் பெற்றார், எவர் எந்த நெல் விதைத்தார் என்பதே வினா.

நமக்குக் கிடைத்த செய்திகள் ஆறு. வியாழன் இரவு நீர் பாய்ந்தது மாப்பிள்ளைச் சம்பா வயலுக்கு. வேலன் விதைத்தது மாப்பிள்ளைச் சம்பா அன்று. வள்ளிக்கு முதல் இரவும் கிடைக்கவில்லை, கடைசி இரவும் கிடைக்கவில்லை. கண்ணன் நீர் பெற்றது பொன்னனுக்கு முன்னர். கிச்சிலிச் சம்பா வயலுக்கு நீர் பாய்ந்ததற்கு மறு இரவே வேலனுடைய முறை. சீரகச் சம்பா வயலுக்கு நீர் பாய்ந்ததற்கு மறு இரவே வள்ளியுடைய முறை.

இப்புதிரைக் கேட்டவுடன் பெரும்பாலோர் செய்வது யாது? 'கண்ணனுக்குச் செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம்' என ஏதேனும் ஒன்றை வாய்க்கு வந்தபடி கொண்டு, முரண் வந்ததும் அதனை அழித்து, வேறொன்றைக் கொண்டு, மீண்டும் அழித்துக் களைப்படைவர். நான்கு ஆட்களை நான்கு இரவுகளில் அமைக்க 24 வழிகள் உண்டு. நான்கு நெல்லை அமைக்கவும் 24 வழிகள் உண்டு. இரண்டும் சேர 24-ஐ 24-ஆல் பெருக்க, 576 வழிகள் ஆகின்றன. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்றதே.

அறிவுடைய வழி வேறு. ஒரு தாளில் நான்கு வரிசையும் நான்கு பத்தியுமாகக் கட்டங்கள் வரைதல் வேண்டும். வரிசைதோறும் ஒருவர் பெயரையும், பத்திதோறும் ஓர் இரவின் பெயரையும் எழுதுக. நெல்வகைகளுக்கும் இரவுகளுக்கும் அவ்வாறே வேறொரு கட்டம் வரைக. 'ஆகாது' என்று உறுதியாகத் தெரிந்த இடத்திற் பெருக்கற்குறி இடுக. 'ஆகும்' என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வட்டமிடுக. ஒரு கட்டத்தில் வட்டம் வந்தால் அவ்வரிசையிலும் அப்பத்தியிலும் உள்ள பிற கட்டங்கள் யாவும் பெருக்கற்குறி பெறும். ஒரு வரிசையிலோ பத்தியிலோ மூன்று பெருக்கற்குறிகள் விழுந்தால் எஞ்சிய நான்காம் கட்டம் தானே வட்டம் பெறும். கருவி இவ்வளவே. இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. நாம் தேடுவது யாருக்கு எது உரியது என்பதை. ஆனால் நாம் குறிப்பதோ பெரும்பாலும் யாருக்கு எது உரியதன்று என்பதை. ஆகாதவற்றைக் களைந்துகொண்டே செல்ல, ஆவது தானே எஞ்சி நிற்கும்.

இனிக் குறியிடத் தொடங்குவோம். வியாழன் பத்தியை நோக்குக. அன்று நீர் பாய்ந்தது மாப்பிள்ளைச் சம்பாவுக்கு. வேலன் விதைத்தது அந்நெல் அன்று. ஆதலால் வேலனுக்கு வியாழன் ஆகாது. வள்ளிக்குக் கடைசி இரவு இல்லை என்று முன்னரே சொல்லப்பட்டது. கண்ணன் பொன்னனுக்கு முன்னர் நீர் பெற்றவன். கடைசி இரவைப் பெற்றவனுக்குப் பின்னே எவரும் இருத்தல் இயலாது. ஆதலால் கண்ணனுக்கும் வியாழன் ஆகாது. மூன்று பெருக்கற்குறிகள் விழுந்தன. வியாழன் பொன்னனுக்கே உரியது. பொன்னன் விதைத்தது மாப்பிள்ளைச் சம்பா என்பதும் உடன் விளங்குகின்றது. ஆறு செய்திகளுள் எதிலும் இவ்வுண்மை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எனினும் அது அவற்றினுள் அடங்கியிருந்தது.

அடுத்துத் திங்கள் பத்தி. பொன்னன் வியாழனுக்குச் சென்றான். வள்ளிக்கு முதல் இரவு இல்லை. வேலனுக்கு முந்திய இரவில் கிச்சிலிச் சம்பாவுக்கு நீர் பாய்ந்திருத்தல் வேண்டும். திங்களுக்கு முன்னே இம்முறையில் இரவே இல்லை. ஆதலால் வேலனுக்கும் திங்கள் ஆகாது. எஞ்சியவன் கண்ணன். திங்கள் அவனுக்கு உரியது.

இவ்விடத்தில் ஒரு தடையைப் பற்றிக் கூறியாக வேண்டும். நான்காம் செய்தி, கண்ணன் பொன்னனுக்கு 'முன்னர்' நீர் பெற்றான் என்றது; 'முந்திய இரவே' பெற்றான் என்று கூறவில்லை. ஆயினும் அவசரக்காரர் அதனை முந்திய இரவு என்றே படித்துவிடுவர். அவ்வாறு படித்தால், பொன்னனுக்கு வியாழன் ஆதலின் கண்ணனுக்குப் புதன் ஆகும். பின்னர்த் திங்கள் இரவைப் பெறுதற்கு ஒருவரும் இலர்! புதிரே பிழை என்று அவர் தாளைக் கிழித்தெறிவர். பிழை புதிரில் இல்லை. சொல்லாத சொல் ஒன்றைச் சேர்த்துப் படித்ததில் உள்ளது. வழக்குமன்றங்களிலும் ஊர்க்கூட்டங்களிலும் எழும் பூசல்களிற் பல இத்தகையனவே. விதி சொன்னதைவிட மிகுதியாக அதனுள் படித்துவிட்டு, பிறகு எதிரியைக் குறைகூறுவோர் உண்டு.

எஞ்சிய இரவுகள் செவ்வாயும் புதனும். அவற்றிற்கு உரியோர் வேலனும் வள்ளியும். வேலனுக்கு முந்திய இரவில் கிச்சிலி. அஃதாவது கிச்சிலி திங்களிலோ செவ்வாயிலோ இருத்தல் வேண்டும். வள்ளிக்கு முந்திய இரவில் சீரகம். அதுவும் திங்களிலோ செவ்வாயிலோ இருத்தல் வேண்டும். அவ்விரு நெல்லும் அவ்விரு இரவுகளை நிரப்பிவிட்டன. வியாழன் மாப்பிள்ளைச் சம்பாவுடையது. ஆகவே புதன் இரவு நீர் பாய்ந்தது கருடன் சம்பாவுக்கே. அவ்வயல் வேலனுடையதா வள்ளியுடையதா என்பது இன்னும் தெரியவில்லை. ஆனால் அவ்விரவு எந்த நெல்லுக்கு உரியது என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. ஆளை அறியாமலே இதனை அறிய முடிந்தமை நினைத்து மகிழத்தக்கது.

இதற்குமேற் செல்ல முடியுமா என்று முயன்று பாருங்கள், முடியாது. செவ்வாய் வள்ளிக்கும் புதன் வேலனுக்கும் ஆனால், கண்ணன் சீரகமும், வள்ளி கிச்சிலியும், வேலன் கருடனும் விதைத்தோர் ஆவர். செவ்வாய் வேலனுக்கும் புதன் வள்ளிக்கும் ஆனால், கண்ணன் கிச்சிலியும், வேலன் சீரகமும், வள்ளி கருடனும் விதைத்தோர் ஆவர். இரண்டு அமைப்பும் ஆறு செய்திகளுக்கும் பொருந்துகின்றன. ஒன்றைச் சரியென்றும் மற்றதைத் தவறென்றும் கூற நம்மிடம் காரணம் இல்லை. 576 வழிகள் சில குறிகளிலேயே இரண்டாகச் சுருங்கின. ஆனால் இரண்டு ஒன்றாகாது. 'கண்ணன் விதைத்தது கிச்சிலி அன்று' என்னும் ஏழாம் செய்தி ஒன்று வந்தால், முதல் அமைப்பே விடை என்பது உடனே முடிவாகும். அச்செய்தி வராதவரை, 'எனக்குத் தோன்றுகின்றது' என்று கூறி ஒன்றைப் பற்றிக்கொள்வது அறிவாகாது.

ஆகவே விதிகளைப் பற்றி நாம் முதலில் அறிய வேண்டியது, அவை ஒரு விடை தருவனவா, பல விடைகளுக்கு இடந்தருவனவா, விடையே இல்லாதனவா என்பதாகும். ஒரு விடை உண்டென்றால் ஆராய்ந்து காண்பது நம் கடமை. பல விடைகள் உண்டென்றால்? புதிர் எழுதுவோர் அதனைக் குறையுள்ள புதிர் என்று ஒதுக்கிவிடுவர். வாழ்க்கையிலோ அவ்வாறு ஒதுக்க முடியாது. செவ்வாய் இரவு யாரேனும் ஒருவர் மடையைத் திறந்துதான் ஆகவேண்டும்.

தஞ்சை நாட்டு ஊர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தன. ஊர் நிலம் முழுவதும் பங்காளிகள் அனைவர்க்கும் பொதுவாக இருந்த ஊர்களைச் சமுதாயக் கிராமங்கள் என்று வழங்கினர். இன்னார்க்கு இத்தனை பங்கு என்பது அங்கு வரையறுக்கப்பட்டிருந்தது. இன்ன வயல் இன்னார்க்கு என்பது நிலையாக வரையறுக்கப்படவில்லை. சில ஆண்டுகட்கு ஒருமுறை, நல்ல நிலமும் தாழ்ந்த நிலமும் ஒவ்வொன்றிலும் கலந்து வருமாறு வயல்களைக் கூறுகளாக்கி, திருவுளச்சீட்டு இட்டு, அவற்றைப் பங்காளிகள் பெற்றனர். இதற்குக் கரையீடு என்று பெயர். ஒரு முறை கடைமடையில் வருந்தியவன் அடுத்த முறை தலைமடையில் மகிழக்கூடும். கூறுகளைச் சமமாக வகுப்பது ஆராய்ச்சியின் வேலை. சமமானவற்றுள் எது யாருக்கு என்பது சீட்டின் வேலை. ஒன்றின் வேலையை மற்றதனிடம் விடவில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. 19-ஆம் நூற்றாண்டில் நிலங்கள் நிலையாகப் பிரிக்கப்படவே இவ்வழக்கம் மெல்ல மறைந்தது.

கரையீட்டைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. சீட்டில் பெயர் இருந்தது பங்காளிகட்கு மட்டுமே. ஏர் பிடித்து, நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பண்ணையாட்கள் அச்சீட்டில் இடம்பெறவில்லை. 1952-ஆம் ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே அவர்களுடைய கூலி சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. கட்டம் எவ்வளவு ஒழுங்காக வரையப்பட்டாலும், வரிசையில் யார் யார் பெயரை எழுதுகின்றோம் என்னும் வினா அதற்கு முன்னரே நிற்கின்றது.

சீட்டும் விதியும் கைகோத்துச் சென்ற மற்றோர் இடம் சோழ நாட்டிற்கு வடக்கே உள்ள உத்தரமேரூர். தஞ்சையைத் தலைநகராகக் கொண்ட முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் அங்குள்ள கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புக்கு ஒருவராக 30 பேரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். முதலில் விதிகள் வந்து பலரைக் களைகின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராதல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராதல் வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருத்தல் வேண்டும். அண்மையில் மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பு வகித்தவர் ஆகார். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். இவையனைத்தும் நம் கட்டத்திற் பெருக்கற்குறி இடுவதை ஒத்தன அன்றோ?

பெருக்கற்குறிகள் முடிந்தபின் எஞ்சியோர் ஒவ்வொரு குடும்பிலும் பலர் இருப்பர். அவர்தம் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். எழுத்தும் வேறுபாடும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதனைப் பெறும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையிலே வாங்கிப் படித்தார். கையுள் வேறோர் ஓலை மறைந்திருக்க இடமில்லாதபடிக்கே இவ்வேற்பாடு. இவ்வாறு வந்த 30 பேருள், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவரும், கல்வியிலும் வயதிலும் மூத்தவருமாகிய 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு. எஞ்சியோருள் 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. 6 பேர் ஏரி வாரியத்துக்கு. விதி முடிவு செய்யக்கூடியதை விதி முடிவு செய்தது. விதி முடிவு செய்யாததைக் குடம் முடிவு செய்தது. பெண்டிரும் நிலமில்லாதவரும் அக்குடத்தினுள் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்க.

இனி மூன்றாம் நிலையைப் பார்ப்போம். விடையே இல்லாத புதிர் எப்படியிருக்கும்? நம் வாய்க்காலுக்கே திரும்புவோம். முன் சொன்ன செய்திகளை மறந்துவிட்டு, நால்வரையும் அவரவர்க்கு இயன்ற இரவுகள் எவை என்று கேட்போம். கண்ணன், 'எனக்கு எந்த இரவும் ஆகும்' என்கின்றான். பொன்னன் திங்களும் செவ்வாயுமே ஆகும் என்கின்றான். வேலனும் அவ்வாறே கூறுகின்றான். வள்ளியும் அவ்வாறே கூறுகின்றாள். ஊர்க்கூட்டத்தில் அன்று என்ன நிகழும்? பொன்னன் பிடிவாதக்காரன் என்பார் ஒருவர். வேலன் சற்று விட்டுக்கொடுத்தால் என்ன என்பார் மற்றொருவர். வள்ளியைக் கடைசியாகக் கேட்டதனால் அவளால்தான் காரியம் கெட்டது என்பாரும் இருப்பர்.

விரலை மடக்கி எண்ணினால் உண்மை வெளிப்படும். மூவர், இரண்டே இரவுகள். மூவரை இரண்டு இரவுகளில் ஒருவர்க்கு ஒன்றாக அமைக்க இவ்வுலகில் எவராலும் இயலாது. அமைப்பை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. குறை ஆளிடத்தில் இல்லை; எண்ணிக்கையில் உள்ளது. மாற்ற வேண்டியது அமைப்பை அன்று, விதியை. ஓர் இரவை இரண்டு பாதியாக்கலாம்; முறையின் தொடக்க நாளை மாற்றலாம்; மூவருள் ஒருவர்க்குப் புதன் ஏன் ஆகாது என்று கேட்டு, அத்தடையை நீக்க வழி தேடலாம். கடைமடைக்கு நீர் எட்டாத இரவை அதற்குரிய முறையாகக் குறித்து வைத்துக்கொண்டு, 'உன் முறை தந்தாயிற்று' என்று சொல்வதில் நியாயம் இல்லை. அது கட்டத்தில் பெருக்கற்குறி இருக்கவேண்டிய இடத்தில் வட்டம் இட்டதற்கு ஒப்பாகும்.

இவ்வெண்ணிக்கைச் சோதனையைக் கேம்பிரிட்சு நகரத்துக் கணித அறிஞர் பிலிப் ஹால் 1935-ஆம் ஆண்டில் ஒரு தேற்றமாக நிறுவினார். அவரவர்க்கு எவை எவை ஆகும் என்பது மட்டுமே விதியாக உள்ள பங்கீட்டிற்கு அது பொருந்தும். எந்தக் குழுவினரை எடுத்தாலும், அவர்களுள் ஒருவர்க்கேனும் ஆகும் பொருள்களின் எண்ணிக்கை அக்குழுவினரின் எண்ணிக்கைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஒரு குழுவிலேனும் குறைந்தால் பங்கீடு இல்லை; இதனை நாமே கண்டுகொண்டோம். எந்தக் குழுவிலும் குறையவில்லையென்றால் பங்கீடு உறுதியாக உண்டு என்பதே வியப்பான பகுதி. அதனை நிறுவத்தான் கணித அறிஞர் ஒருவர் வேண்டியிருந்தது.

புதிரை விட்டு, முடிந்த பங்கீடு ஒன்றைக் காண விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலைச் சென்று பார்க்கலாம். முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 29-ஆம் ஆண்டு, அஃதாவது ஏறக்குறைய 1014-ஆம் ஆண்டு வரை செய்த ஏற்பாடு அங்குக் கல்லில் உள்ளது. சோழ மண்டலத்துக் கோயில்கள் பலவற்றினின்றும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து, பெரிய கோயிலைச் சார்ந்த தெருக்களில் குடியேற்றினான் அம்மன்னன். ஒருவர்க்கு ஒரு பங்கு. ஒரு பங்காவது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடவல்லான் என்னும் பெயருடைய மரக்காலால் அதனை அளத்தல் வேண்டும். எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, சிறகில் எத்தனையாவது வீடு, அவ்வீட்டில் யார், அவர் எந்த ஊர் எந்தக் கோயிலினின்று வந்தவர் என்பதெல்லாம் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, ஏகவீரி என அவர்தம் பெயர்களை இன்றும் படிக்கலாம். நானூறு வட்டங்கள் இடப்பட்ட கட்டம் என்றே அம்மதிலைக் கூறலாம். அரண்மனைச் சுவடிகள் எவையும் நமக்கு எஞ்சாத நிலையில், அவர்கள் வாழ்ந்த வீட்டு எண் எஞ்சியுள்ளது.

அதனினும் பெரிதாக நான் மதிப்பது அக்கல்வெட்டின் இறுதியில் உள்ள விதியை. பங்குடைய ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவ்விடம் யாருக்கு? நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து பணி செய்வித்து நெல்லைப் பெறுதல் வேண்டும். உறவினரே இல்லையெனின், அதே பணியிலுள்ள ஏனையோர் தகுதியுடையார் ஒருவரைத் தேர்தல் வேண்டும். நன்றாக எண்ணிப் பார்த்தால், உறவினர் உண்டு அல்லது இல்லை. உண்டெனின் தகுதி உண்டு அல்லது இல்லை. நான்காவதாக ஒரு நிலை எழவே இடமில்லை. மூன்று நிலைக்கும் விடை கூறப்பட்டுள்ளது. வீடு வெறுமையாய் நிற்கவும், ஒரு வீட்டுக்கு இருவர் வழக்கிடவும் வாயில் பெரிதும் அடைபட்டது. விதி எழுதியவர் யாரென்று நாம் அறியோம். ஆனால் அவர் விளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தே எழுதியுள்ளார்.

வரிசையாக அமைந்த வீடுகள் என்றதும் உலகப் புகழ் பெற்ற புதிர் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1962-ஆம் ஆண்டு திசம்பர் 17-ஆம் நாள் வெளிவந்த 'லைஃப் இண்டர்நேஷனல்' இதழில் அது அச்சாயிற்று. ஐந்து வீடுகள், அவற்றில் ஐந்து நாட்டினர், வீட்டின் நிறம், பருகும் பானம், வளர்க்கும் விலங்கு முதலியன ஒவ்வொருவர்க்கும் வேறு. வரிக்குதிரை யாருடையது என்பது வினா. ஐந்து வகைச் செய்திகளை ஐந்து வீடுகளில் அமைக்கும் வழிகள் 2,488 கோடிக்கு மேற்பட்டவை. நாம் வரைந்த கட்டத்தைப் போன்ற கட்டங்களும், சற்றுப் பொறுமையும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் விடை காணலாம். இப்புதிரை ஐன்ஸ்டைன் இளமையில் இயற்றினார் என்று பலர் கூறுவர். அதற்குச் சான்று ஏதும் இல்லை. சான்றில்லாத இடத்தில் வட்டம் இடக்கூடாது என்பதைப் புதிர் விரும்பிகளே மறந்துவிடுவது வேடிக்கைதான்.

நாமும் ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். இது கல்வெட்டில் உள்ளதன்று. மேற்கிலிருந்து கிழக்காக நான்கு வீடுகள். நட்டுவர், குழல் ஊதுபவர், வீணை வாசிப்பவர், உடுக்கை வாசிப்பவர் ஆகிய நால்வரும் வீட்டுக்கு ஒருவராகக் குடியிருக்கின்றனர். வீணைக்காரர் வீட்டுக்குக் கிழக்கே அடுத்த வீடு குழல் ஊதுபவருடையது. நட்டுவர் வீடு எந்த ஓரத்திலும் இல்லை. உடுக்கைக்காரர் வீடு நட்டுவர் வீட்டுக்குக் கிழக்கே எங்கேனும் உள்ளது; அடுத்த வீடு என்று கூறவில்லை. இதற்கு விடை ஒன்றா, பலவா, இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு தலைவீட்டில் இருப்பவர் யார் என்று சொல்லுங்கள்.